பூவணனைத் தேடிய நகர்வலம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் இருந்த காலத்தில், ஒரு ராஜா தம் விகடகவியைக் கூப்பிட்டார்.

"பூவணா, நடக்கிற மனிதன் எதை எதிர்பார்க்கிறானோ அதைத்தான் பார்ப்பான் என்று நேற்று உளறினாயாமே. யாமும் அப்படித்தானோ?"

"எல்லாரும் அப்படித்தான், பிரபு."

பூவணன் மேல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த அமைச்சர் அங்கராயர் குறுக்கே புகுந்தார். "அப்படியானால் நாளை நகர்வலம் முழுதும் மன்னரோடு வரட்டும். வேஷம் கூடாது, ஒளியக் கூடாது. வராவிட்டாலோ, நாங்கள் கண்டுபிடித்துவிட்டாலோ நாட்டை விட்டே போகட்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா. பூவணனைப் பேரம் பேசக்கூட விடவில்லை.

மறுநாள் நடந்தே கிளம்பினார்கள். வலம் முடியும்வரை ராஜா திரும்பிப் பார்ப்பது அபசகுனம். அமைச்சருக்கு அந்தத் தடை கிடையாது. அவர் சந்தையில் கத்தரிக்காய் புரட்டுவதுபோல ஊரையே புரட்டினார். வைக்கோல் வண்டியைக் கவிழ்த்தார். ஒரு கிழவரின் தாடியைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க சாமி, இது நானே வளர்த்தது" என்றார் கிழவர்.

ராஜாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "வெயில் மண்டையைப் பிளக்கிறது. குடையை ஒழுங்காகப் பிடியடா" என்று முன்னால் பார்த்தபடியே சீறினார். குடை நேரானது.

ஒருவழியாக அரண்மனை வாசல் வந்தது. "அவன் வரவே இல்லை, பிரபு. பயந்து பதுங்கிவிட்டான். நாடு கடத்திவிடலாமா?" என்றார் அங்கராயர்.

"கடத்தித் தொலையும். கால் வலிதான் மிச்சம்."

"போகிறேன், பிரபு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இந்தக் குடையை யாரிடம் கொடுப்பது?"

ராஜா திரும்பினார். தினமும் கட்டுகிற அதே பச்சைத் தலைப்பாகையோடு, குடையைப் பிடித்தபடி பூவணன் நின்றான்.

"குடைக்காரன் எங்கே?"

"வீட்டில் தூங்குகிறான், பிரபு. அவனுக்குப் பதில் நான் வந்தேன்."

"இது மோசடி" என்று குதித்தார் அங்கராயர்.

"எது மோசடி, ஐயா? என் எதிரே நின்று, நிழலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு என்றீர்களே, தள்ளினேனே. நீங்கள் ஒளிந்தவனைத் தேடினீர்கள். நான்தான் ஒளியவில்லையே."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். பூவணன் கை நீட்டவில்லை.

"ஏன், இது போதாதோ?"

"தாராளம், பிரபு. காலையிலிருந்து பிடித்ததில் விரல் பத்தும் குடைக்காம்போடு இறுகிவிட்டன. தாங்களே போட்டுவிட்டால் புண்ணியம்."

எந்த அமைச்சர் கழுத்திலும் தம் கையால் மாலை போட்டறியாத ராஜா, சிரிப்பை அடக்கமாட்டாமல், இரண்டு தடவை தவறவிட்டுப் பிறகுதான் அதைப் பூவணன் கழுத்தில் போட்டார்.