தொட்டிலுக்கு மேலே நூல்

நல்லசிவன் மானிட்டர் திரையைப் பார்த்தார், குழந்தையைப் பார்க்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

இருபது வருஷம் பெரியவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். குறைமாதப் பிள்ளைகளைக் காப்பாற்றும் வித்தையைக் கற்க சூசை டாக்டரிடம் வந்திருந்தார். இருவருக்கும் ஒரே வயது. அதனால் சூசைக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

ஏழாம் மாதம் தொடங்குமுன்பே பிறந்துவிட்ட பெண் குழந்தை. ரத்தத்தில் கிருமி ஏறி, உடம்பெல்லாம் அழற்சி. நல்லசிவன் தூங்காமல் கிடந்து மீட்டார். இன்று வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். தாய் இசக்கியம்மாள் நகரமாட்டேன் என்றாள்.

"புள்ளைய யாரோ மேலேருந்து நூலு கட்டி இழுக்காப்புல இருக்கு, சார்."

"எல்லாம் சரியாயிட்டும்மா. சத்தமே இல்லாம எவ்வளவு சமத்தாப் படுத்திருக்கா பாருங்க."

"அதான் சார் பயமா இருக்கு."

நல்லசிவன் சூசையிடம் போனார். "கிருமி செத்தாச்சு. ரத்தம் சுத்தம். தலை ஸ்கேனும் சுத்தம். அந்தம்மா பேய்க்கதை சொல்லுது. என்ன செய்ய?"

சூசை எழுந்து வந்தார். ஒரு துண்டை எடுத்துத் திரைமேல் போட்டு மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும் வே. பாரும்."

"எதை?"

"வாயை மூடிக்கிட்டுப் பாரும்."

பக்கத்துத் தொட்டில்களில் பிள்ளைகள் நெளிந்துகொண்டிருந்தன. ஒரு கால் உதைக்கும். ஒரு விரல் விரியும். உதடு கோணும். இந்தத் தொட்டிலில் ஒன்றுமே இல்லை.

பிறகு அசைந்தது. இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நொடியில் விறைத்து மேலெழுந்தன. அப்படியே நின்றன. ஒரே நொடியில் பொத்தென்று விழுந்தன. குழந்தை அழவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

மறுபடி எழுந்தன. மறுபடி விழுந்தன.

நல்லசிவன் தன்னையறியாமல் தொட்டிலுக்கு மேலே பார்த்தார். நின்றுபோன மின்விசிறி. வேறொன்றும் இல்லை.

"கிருமி வச்ச தீயை அணைச்சிட்டேனே சார்," என்றார் நல்லசிவன்.

"எங்க ஊர்ல ஒரு வைக்கோற்போர் பத்திக்கிட்டு. தண்ணி ஊத்தி அணைச்சாச்சு. மேலே கை வச்சா குளுகுளுன்னு இருந்துது. மாடு மட்டும் கிட்டப் போகல. மூணாம் நாள் போரு உள்ளுக்குள்ளயே இடிஞ்சு விழுந்துது."

"அப்ப மூளை..."

"பொசுங்கியிருக்கு. ஸ்கேன்ல எல்லாம் தெரியாது. எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது. பிஞ்சு மூளை, வேற பாதை போட்டாலும் போடும். தினம் கையக் கால தனித்தனியா அசைச்சு வசக்கி விடணும். சரியாயிட்டுன்னு சொல்லி அனுப்பியிருந்தா, அவளும் நம்பித் தொலைச்சிருப்பா."

நல்லசிவன் தலை குனிந்தார். "எனக்குத் தெரியலியே சார்."

"அந்த மாட்டுக்குத் தெரிஞ்சுது வே."

இசக்கியம்மாளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையோடு வந்தாள்.

ஒரு நாள் நல்லசிவன் சிரித்துக்கொண்டே வந்தார். "சார், அவ கத்தரிக்கோல் வச்சிருக்கா. பிள்ளைக்கு மேலே வெறுங்காத்தை வெட்டுதா!"

"வெட்டிட்டு?"

"நாம சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வொரு கையா, ஒவ்வொரு காலா அசைச்சு விடுதா."

"ஒரு வேளையாவது தப்ப விடுதாளா?"

"இல்ல."

"அப்ப கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிச்சுக் கொடும்."

சிரிப்பு நின்றது.

மூன்றாம் வயதில் அந்தப் பிள்ளை வராந்தாவில் நடந்து வந்தது. இடது குதிகால் மட்டும் தரையில் படவில்லை. காற்றில் தொங்கினாற்போல் இருந்தது.

"ஒண்ணு மட்டும் இன்னும் அறுபடல சார்," என்றாள் தாய். மடியில் கத்தரிக்கோல்.

நல்லசிவன் பிள்ளையின் தலைக்கு மேலே பார்த்தார். அவருக்கு இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"மருந்து நான் கொடுத்தேன். பயிற்சி நீங்க சொன்னீங்க. மத்த நூலையெல்லாம் அறுத்தது யாரு சார்?"

சூசை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இசக்கியம்மாள்."