நோயே இல்லாத நான்காம் குன்று

ஒரு காட்டில், குழந்தைகளே, ஏழு குன்றுகள் இருந்தன. ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு தலைவர் உண்டு. ஏழுக்கும் மேலாக ஒரு பெருந்தலைவர். பெருந்தலைவராக இருந்த யானையின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால், புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

போட்டியில் முன்னால் நின்றவன் கவைக்கொம்பன். மான்களில் பெரிய இனமான மிளா அவன். நான்காம் குன்றின் தலைவன்.

"எளியவர்களின் தோழன் நான். என் குன்றில் மருத்துவக் குகை திறந்தேன். குளம்பு உள்ளவரோ நகம் உள்ளவரோ, யார் வந்தாலும் மருந்து உண்டு. இன்று என் குன்றில் ஒரு நோயாளிகூட இல்லை. ஏழு குன்றுகளையும் அப்படியே ஆக்கிக் காட்டுகிறேன்" என்று போகிற இடமெல்லாம் சொன்னான்.

நோயாளி இல்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மரங்கள் நெருக்கமாக வளர்ந்திருந்ததால் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவது அரிது. அதனால் தினமும் காலையில் ஒரு குரங்கு பாறைமேல் ஏறி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடும். கூப்பிடப்பட்டவர் இருந்த இடத்திலிருந்தே "நலம்" என்றோ "நோய்" என்றோ குரல் கொடுக்க வேண்டும். நான்காம் குன்றில் இரண்டு ஆண்டுகளாக "நோய்" என்று ஒரு குரலும் எழவில்லை.

இரண்டாம் குன்றில் ஒரு குட்டை இருந்தது. அதன் கரையில் கரடிக்கும் கீரிக்கும் தினமும் இதைப் பற்றியே சண்டை. கரடிக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். கீரிக்கு யாரையும் பிடிக்காது.

"கவைக்கொம்பன் மாதிரி ஏழைக்கு இரங்குகிறவர் யார் இருக்கிறார்? குகை திறந்தது அவர்தானே?" என்றது கரடி.

"திறந்தார். ஆனால் நகம் உள்ளவர்களை முதலில் சேர்க்கவில்லையே. மூன்று மழைக்காலம் கழித்துத்தான் சேர்த்தார். அதோடு, எளியவர்களை வேட்டையாடுகிற சிறுத்தைகள் குடிக்கிற துறையில் கூடவே நின்று தண்ணீர் குடித்தவர். அவரெல்லாம் எளியவர்களின் தோழரா?" என்றது கீரி.

"பலம் உள்ள சிறுத்தையைச் சம்மதிக்க வைக்காமல் குகையைத் திறந்திருக்க முடியுமா? உனக்கு எதுவும் முழுசாக வேண்டும். பாதி கொடுத்தால் தட்டிவிடுவாய்."

"பாதியைக் கொடுத்துவிட்டு முழுசு என்று சொன்னால் தட்டத்தான் செய்வேன்."

இப்படியே உச்சிவெயில் ஏறும்வரை நடக்கும். கேட்கிறவர்களுக்குத்தான் அலுப்பு, அந்த இருவருக்கும் அலுக்கவே அலுக்காது.

அந்தக் குட்டைக்குத் தண்ணீர் குடிக்க ஆவாரை வருவாள். அவள் ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள், ஆனால் பிடிவாதக்காரி. அவளுடைய அண்ணன் கொன்றையன் கால் வீங்கி, மருந்துக்காக நான்காம் குன்றுக்குப் போய் ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. அவன் திரும்பி வரவில்லை, அவனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

ஒருநாள் ஆவாரை கேட்டாள்: "கரடி அண்ணே, கீரி அண்ணே, உங்களில் யாராவது நான்காம் குன்றுக்குப் போயிருக்கிறீர்களா?"

"போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஊரே சொல்கிறதே" என்றது கரடி.

"போகாமலே எனக்கு எல்லாம் தெரியும்" என்றது கீரி.

"நான் போய் என் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன். தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது" என்று ஆவாரை கிளம்பினாள்.

மறுநாள் காலை அவள் நான்காம் குன்றில் கால் வைத்தாள். நல்ல வெயில். பாதை சுத்தமாக இருந்தது. ஆனால் ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை, குட்டிகள் அழுகிற சத்தம்கூட இல்லை. அவள் ஒரு புதரைத் தாண்டினாள். "நலம்" என்றது புதர். அவள் எதுவும் கேட்கவே இல்லை. அடுத்த புதரும் "நலம்" என்றது. யார் என்று இலைகளுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒருவரும் தென்படவில்லை.

ஆனாலும் அவள் நடந்தாள்.

மருத்துவக் குகை பெருக்கித் துடைத்த மாதிரி காலியாக இருந்தது. வாசலில் வைத்தியக் குரங்கு உட்கார்ந்து பூமாலை கட்டிக்கொண்டிருந்தது.

"வைத்தியரே, கால் வீங்கி இங்கே வந்த கொன்றையன் எங்கே?"

"இங்கே நோயாளி யாரும் இல்லையம்மா. நோயாளி இல்லாத குன்றில் வைத்தியருக்கு என்ன வேலை? மருந்துச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பூச்செடி வைத்திருக்கிறோம். தலைவருக்குத் தினமும் மாலை வேண்டியிருக்கிறதே" என்றது குரங்கு. "உன் அண்ணன் இன்று காலைகூடக் குரல் கொடுத்தான். வேண்டுமானால் நீயே கேள்." அது குகையின் பின்பக்கம் திரும்பி, "கொன்றையா" என்று கூப்பிட்டது.

"நலம். நலமாக இருக்கிறேன்" என்று சரிவிலிருந்து பதில் வந்தது.

அவன் குரல்தான். கடைசிச் சொல்லை இழுத்து முடிக்கிற பழக்கம்கூட அப்படியே இருந்தது. ஆவாரை சந்தோஷத்தில் கண் கலங்கி, சரிவில் இறங்கி ஓடினாள்.

அங்கே ஒரு சோலை. அதற்குள் முயலும் முள்ளம்பன்றியும் காட்டுப்பூனையும் மானுமாக வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். எல்லோரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். கொன்றையன் ஓரத்தில் கிடந்தான். வீக்கம் தொடைவரை ஏறியிருந்தது. தங்கையைப் பார்த்ததும் அவன் வாய் அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

தலைக்கு மேலே கிளையில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்கிற பறவை அது. கொன்றையனின் வாய் அசைந்தபோது, அது ஆவாரையைப் பார்த்து அவன் குரலில் சொன்னது: "நலம். நலமாக இருக்கிறேன்."

பக்கத்தில் கிடந்த முள்ளம்பன்றி மெதுவாகப் பேசியது. "குரல் எழுப்பத் தெம்பு இல்லாதவர்களுக்காகத் தலைவர்தான் இந்தக் கரிச்சான்களை வைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார். முதலில் நாங்கள் சொன்னதையே அவை சொல்லின. 'நோய்' என்று கேட்டால் தலைவர் முகம் வாடும். 'நலம்' என்று கேட்டால் பறவைகளுக்கு அத்திப்பழம் கொடுப்பார். போகப் போக அவை 'நோய்' என்ற சொல்லையே மறந்துவிட்டன. அதன்பின் குகையில் எங்களுக்கு இடமில்லை."

"தலைவர் இங்கே வந்து பார்க்கவில்லையா?"

"எல்லோரும் நலம் என்ற பிறகு யாரைப் பார்க்க வருவார்?"

ஆவாரை இரண்டு நாள் அங்கேயே இருந்தாள். இலைகளை மென்று அண்ணனின் காலில் அப்பினாள். வாயில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் ஊட்டினாள். மூன்றாம் நாள் கொன்றையன் அவள் கழுத்தில் தலையைச் சாய்த்தபடி இறந்துபோனான். எனக்கு இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அவள் தன் சின்னக் குளம்புகளால் மண்ணைத் தள்ளி அவனை மூடினாள்.

"இன்னும் பதினேழு பேர் உயிரோடு இருக்கிறோம். யாரையாவது கூட்டிக்கொண்டு வா, தாயே. சீக்கிரம் வா" என்றது முள்ளம்பன்றி.

தேர்தல் நாள் நண்பகலில் ஆவாரை திடலுக்கு வந்து சேர்ந்தாள். ஏழு குன்று விலங்குகளும் கூடியிருந்தன. மேட்டில் கவைக்கொம்பன் கழுத்து நிறைய மாலையோடு நின்றான்.

"என் குன்றைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். என் மக்களே சொல்லட்டும்" என்றான் அவன். வைத்தியக் குரங்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. திடலைச் சுற்றி இருந்த புதர்களிலிருந்து "நலம்", "நலம்" என்று குரல்கள் எழுந்தன. கூட்டம் ஆரவாரம் செய்தது.

ஆவாரை முன்வரிசைக்குப் போய்க் கரடியிடமும் கீரியிடமும் சொன்னாள்: "நான்காம் குன்றில் பதினேழு பேர் சாகக் கிடக்கிறார்கள்."

"தேர்தல் நேரத்தில் கதை கட்டாதே. இப்போதுதானே எல்லோரும் குரல் கொடுத்தார்கள்?" என்று கரடி சீறியது.

"நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா?" என்று கீரி மகிழ்ச்சியாகக் கரடியைப் பார்த்தது.

அந்தப் பதினேழு பேர் எங்கே என்று இருவரும் கேட்கவில்லை. இவர்களிடம் வாதாடிப் பயனில்லை என்று ஆவாரைக்குப் புரிந்தது. அவள் மேட்டைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள்: "தலைவரே, உங்கள் குன்றுக்கு வந்த என் அண்ணன் கொன்றையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு முறை கேட்டுச் சொல்லுங்கள்."

குரங்கு கூப்பிட்டது. ஒரு கொரண்டிப் புதரிலிருந்து பதில் வந்தது: "நலம். நலமாக இருக்கிறேன்."

"கேட்டாயா அம்மா? உன் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. கவலைப்படாதே" என்றான் கவைக்கொம்பன், உண்மையான அன்போடு.

"கரடி அண்ணே, அவனால் நடக்க முடியாது. நீங்கள்தான் பலசாலி. போய் அவனைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றாள் ஆவாரை.

கரடி கீரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருமையாக நடந்தது. இரண்டு கையாலும் புதரை விலக்கியது. உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் பறவை இருந்தது. அது கழுத்தைச் சாய்த்துக் கரடியை நிமிர்ந்து பார்த்து, கொன்றையனின் குரலில், கடைசிச் சொல்லை இழுத்துச் சொன்னது: "நலமாக இருக்கிறேன்."

கரடி புதரை இன்னும் விலக்கித் தேடியது. வேறு ஒருவரும் இல்லை.

"அவனை நேற்று நான்தான் மண்ணில் புதைத்தேன்" என்றாள் ஆவாரை.

"வர முடியாதவர்களுக்காக அவை பேசுகின்றன. அவ்வளவுதான்" என்றான் கவைக்கொம்பன்.

"அவர்களைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், தலைவரே?"

அவன் மெதுவாகப் புதர்ப் பக்கம் திரும்பி, "கொன்றையா, நீ நலமா?" என்று தானே கேட்டான்.

"நலம்" என்றது புதர். அவன் முகம் மலர்ந்தது.

நான்காம் குன்றுக்குப் போகும் பாதையில் முதலில் நடந்தது கரடிதான். பின்னால் ஆவாரை ஓடினாள். அவளுக்குப் பின்னால் கீரி, பிறகு மற்றவர்கள் எல்லோரும். வழியிலேயே மருந்து இலைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள்.

திடலில் கவைக்கொம்பன் மட்டும் நின்றான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். ஒவ்வொரு புதரும் பதில் சொன்னது.

நீதி: நலமா என்று கேட்டால் மட்டும் போதாது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.