யாரும் தொடாத பை

தில்லைநாயகம் பிள்ளை யாரையும் லேசில் நம்பமாட்டார். அதில் அவர் குற்றம் பாதி, பார்த்த வேலையின் குற்றம் பாதி. மின்திருட்டைப் பிடிக்கும் பறக்கும் படையில் காலம் தள்ளியவர். மீட்டர் பெட்டியைக் கண்டால் முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார். மனிதனைக் கண்டாலும் அதையேதான் பார்ப்பார்.

ஓய்வு பெற்றபின் அழகர்கோயில் சாலையில் இருந்த சின்ன ஆசிரமம் ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். முதலில் போனது தியானத்துக்கு அல்ல. அங்கே என்ன தில்லுமுல்லு நடக்கிறது என்று பார்க்கத்தான் போனார். மாதக்கணக்கில் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் சீடராகிவிட்டார்.

குருவின் பெயர் தவமணி. சீடரைவிட வயதில் நன்றாக இளையவர். வெள்ளைப் பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, அளந்து பேசும் வாய்.

இப்போது இருவரும் மதுரையிலிருந்து மும்பை போகும் விமானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்தி வெகுநேரமாகிவிட்டது. விமானம் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

விமானி மறுபடியும் ஒலிபெருக்கியில் வந்தார். மும்பையில் பெருமழை, இறங்க இடமில்லை, அனுமதி கிடைத்ததும் கிளம்பிவிடலாம் என்றார்.

தில்லைநாயகம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"கேட்டீங்களாம்மா? மழையாம்."

"மும்பையிலன்னு சொன்னாங்க," என்றார் குரு.

"அது நமக்குச் சொல்லுத கதை. அந்தா பாருங்க, ரெக்கைக்குக் கீழ ரெண்டு பேரு குனிஞ்சு பாக்குதாங்க. மழைக்கு எதுக்கு ரெக்கையைப் பாக்கணும்? இஞ்சின்ல என்னமோ கோளாறு. மூடி மறைக்காங்க."

"இருக்கலாம்."

"அந்தப் பணிப்பெண்ணுங்க ரெண்டும் திரைக்குப் பின்னால போய்க் குசுகுசுங்குது."

"தண்ணி வேணுமா ஐயா?"

தண்ணீர் புட்டியை வாங்கினார். மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று திருகிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

அவர் இப்படித் தவிப்பதற்குக் காரணம் இருந்தது. மும்பையில் அவருடைய தம்பி குற்றாலநாதன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். தொண்டையில் கட்டி. மறுநாள் காலை அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளுக்கு முன்னால் அவனே கூப்பிட்டான். கரகரத்த குரலில், "அண்ணாச்சி, இன்னும் மூணு நாள்ல எனக்குப் பேச்சு போயிரும். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். போன்ல வேண்டாம். நேர்ல வாங்க" என்றான். வைத்துவிட்டான்.

அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அம்மா இறந்த பதினாறாம் நாள் விசேஷத்தன்று அவள் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. தம்பி பெண்டாட்டி சொர்ணம் ஊருக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, "பையைத் திறந்து காட்டிட்டுப் போ" என்றார் தில்லைநாயகம். அவள் திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை. குற்றாலநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். அன்று போனவன்தான்.

அந்த ஒரு வார்த்தை என்னவாக இருக்கும்? சாபமா? கேள்வியா? இரண்டு இரவாக அதே யோசனை. போவதா வேண்டாமா என்று குருவிடம் கேட்டதற்கு, "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார் அவர். எதற்காக வருகிறார், வீட்டுக்காரி ஏதாவது சொல்லிவைத்தாளா என்று தில்லைநாயகத்துக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

வீட்டுக்காரி கோமதி காலையில் விமான நிலைய வாசல்வரை வந்திருந்தாள். குரு முன்னாலேயே உள்ளே போய், இவர் வருவதற்குள் விமானத்திலும் ஏறிவிட்டார். கோமதி ஒரு நீல ரெக்சின் பையை கணவர் தோளில் மாட்டிவிட்டாள்.

"இதைச் சொர்ணம் கையில குடுங்க. நீங்க வாயே திறக்க வேண்டாம். குடுத்தாப் போதும்."

உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். விமானத்தில் ஏறியதும் முன்பக்கமே ஒரு மேல்தட்டில் அதைத் தள்ளிவிட்டு, பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். கண்ணில் படாமல் இருந்தால் சரி.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. குழந்தை ஒன்று வீறிட்டது. யாரோ பணிப்பெண்ணிடம் சண்டைக்குப் போனார்கள். குரு துணிப்பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து உடைத்துப் பாதியை நீட்டினார்.

"எப்படிம்மா உங்களால சும்மா இருக்க முடியுது? இவங்க பொய் சொல்லுதாங்கன்னு தெரியலையா?"

"யார் பொய் சொல்றாங்கன்னு நீங்க எப்படி ஐயா கண்டுபிடிக்கிறீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப லேசும்மா. ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சோதனைக்குப் போனோம்னு வைங்க. முதலாளி எங்களை எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போவான். மோட்டாரைப் பாருங்கம்பான், மாடியைப் பாருங்கம்பான். அவன் கண்ணையே பாத்துக்கிட்டு இருக்கணும். எல்லா இடத்தையும் பாப்பான். கம்பி திருட்டுத்தனமா போகுத இடத்தை மட்டும் பாக்கமாட்டான். அங்க போய்த் தோண்டுனா மாட்டிக்கிடுவான். மடியில கனம் இருக்கவனுக்குத்தானே வழியில பயம்."

"நல்லா இருக்கு," என்றார் குரு. மிட்டாயை மென்று முடித்தார்.

அப்போது முன்வரிசையில் சூட் போட்ட ஒருவர் எழுந்தார். இனிமேல் போய்ப் பிரயோசனமில்லை, என்னை இறக்கிவிடுங்கள் என்றார். கொஞ்சநேரம் வாக்குவாதம் நடந்தது. படிக்கட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் தன் பெட்டியோடு இறங்கிப் போனார்.

"ஏன் இறங்குதான்? அவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு," என்றார் தில்லைநாயகம். "எதையாவது விட்டுட்டுப் போயிருப்பான், பாருங்க."

ஒருவர் இறங்கினால் மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பையைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஏறி வந்தார். பணிப்பெண் மேல்தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பையைத் தொட்டார்கள்.

தில்லைநாயகத்துக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. பாதி எழுந்து நின்றுகொண்டு ஒவ்வொரு பையாக எடைபோட்டார். "அந்தக் கறுப்புப் பை அவ்வளவு கனமா இருக்கே, பாத்தீங்களா? இந்த ஆளு பூட்டு மேல பூட்டுப் போட்டிருக்கான்." காலடியில் இருந்த தன் கைப்பையையும் குனிந்து ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

கடைசியில் ஒரு பை மிஞ்சியது. நீல ரெக்சின் பை. பணிப்பெண் அதை இறக்கித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

"இது யாரோட பேக்?"

யாரும் வாய் திறக்கவில்லை.

தில்லைநாயகம் உட்கார்ந்தார். இருக்கைப் பட்டையை அவிழ்த்தார், மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். கையைத் தூக்கினால் போதும். கை எழவில்லை.

பணிப்பெண் இந்தியிலும் இங்கிலீஷிலும் கேட்டாள். பிறகு அதிகாரி பேசினார். சொந்தக்காரர் தெரியாவிட்டால் எல்லாரும் இறங்க வேண்டும், முழுச் சோதனை போட வேண்டும். அதற்குள் விமானிகளின் வேலைநேரம் முடிந்துவிடும். பிறகு நாளைக்குத்தான் விமானம்.

நாளைக்கு. நாளைக்குப் போனால் தம்பிக்குக் குரல் இருக்காது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வேண்டியதில்லை. சொர்ணத்தின் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பழியைத் தூக்கி விமானத்தின்மேல் போட்டுவிடலாம். தில்லைநாயகத்துக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கே பயமாகவும் இருந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "இறங்கிருவோம். இது இனி கிளம்பாது."

குரு எழுந்தார். நடைபாதையில் நடந்து போய்ப் பணிப்பெண்ணிடமிருந்து நீலப் பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க பையாம்மா?" என்றார் அதிகாரி.

குரு பதில் சொல்லவில்லை.

"உள்ளே என்ன இருக்கு?"

"தெரியாது. திறந்து பாருங்க."

விமானம் முழுக்கச் சலசலத்தது. இத்தனை பேரை இத்தனை நேரம் காக்க வைத்தது இந்த அம்மாள்தானா என்று ஒருவர் கேட்டார். "வெள்ளைச் சேலை கட்டினா எல்லாரும் சாமியாராயிருவாங்களா?" என்றாள் ஒரு பெண். பின்னாலிருந்து சிலர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். குரு தலையைக் குனியவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. சும்மா நின்றார்.

அதிகாரி பையை ஓர் இருக்கைமேல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். முறுக்கு டப்பா வந்தது. வாழையிலையில் பொதிந்த அல்வா வந்தது. ஒரு கைத்தறிச் சேலை வந்தது. அதன் மடிப்புக்குள் ஒரு சின்ன நகைப்பெட்டி. திறந்தார். பழங்காலத்து இரட்டைவடச் சங்கிலி.

"இது யாரோட நகை?"

"தெரியாது," என்றார் குரு.

"திருட்டு நகை," என்று யாரோ முடிவே கட்டிவிட்டார்கள். அதிகாரியின் குரல் மாறியது. "கீழே இறங்குங்கம்மா. விசாரிக்கணும்."

குரு படிக்கட்டை நோக்கித் திரும்பினார்.

தில்லைநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த பை. வெளியே பரத்திக் கிடக்கும் துணி. சுற்றிலும் கண்கள். நடுவில் ஒரு பெண். அன்றைக்குச் சொர்ணமும் ஒரு வார்த்தை பேசாமல்தான் நின்றாள். அவள் எப்படி நின்றாள் என்பதை இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

"அவங்களை விடுங்க."

எழுந்தார். பட்டை இழுத்தது. அதை அவிழ்த்துவிட்டு நின்றார்.

"அது என் பை."

அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது. அதிகாரி நம்பவில்லை. "இவ்வளவு நேரம் ஏன் சொல்லலை? நகை யாருடையது?"

"எங்கம்மாவுது. காணாமப் போச்சுன்னு என் தம்பி பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டேன். எல்லார் முன்னாலயும் அவ பையைத் திறக்கச் சொன்னேன். ஒரு மாசம் கழிச்சு அம்மா தலகாணி உறைக்குள்ளயே கெடைச்சுது." அவருக்கு மூச்சு வாங்கியது. "கெடைச்சதை என் வீட்டுக்காரியைத் தவிர நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நான் செஞ்சது தப்புன்னு ஆயிருமே. பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். இப்ப அதைக் குடுக்கத்தான் போறேன்."

அதிகாரி அவர் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தார். அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தையும் நெடுநேரம் பார்த்தார். தில்லைநாயகம் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறார். தன்னை ஒருவர் அப்படிப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காது மடல் சுட்டது.

"பெரிய மனுஷன் செய்யிற வேலையா இது?" என்றார் பக்கத்து வரிசைக்காரர். தில்லைநாயகம் நடைபாதையில் நடந்து பை இருந்த இருக்கைக்குப் போனார்.

எல்லாவற்றையும் அவரே எடுத்து அடுக்கினார். சங்கிலியைக் கடைசியாக வைத்தார். பையை மேல்தட்டில் வைக்கவில்லை. இருக்கைக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். பணிப்பெண் வந்து, மடியில் வைக்கக் கூடாது, காலடியில் வையுங்கள் என்றாள். காலடியில் வைத்து இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டார்.

அதிகாரி இறங்கினார். கதவைச் சாத்தினார்கள். மும்பையில் மழை விட்டிருக்கிறது, அனுமதி கிடைத்துவிட்டது என்றார் விமானி. அது உண்மையா என்று தில்லைநாயகம் யோசிக்கவில்லை.

விமானம் அசைந்தது. மெல்ல ஊர்ந்து, திரும்பி, ஓடுபாதையின் முனையில் போய் நின்றது.

"தம்பி என்ன சொல்லப்போறான்னு தெரியலையேம்மா."

"போய்க் கேட்போம்."

தில்லைநாயகம் தலையை ஆட்டினார். ஆனாலும் பழக்கம் எங்கே விடுகிறது?

"ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா."

"கோமதி உங்ககிட்ட எல்லாத்தையும் முன்னாலயே சொல்லிட்டாளா?"

"இல்லை."

"தம்பி யாரையாவது விட்டுப் பேசச் சொன்னானா?"

"இல்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லலை."

"நான் அந்தப் பையைக் கொண்டுவந்ததையும் நீங்க பாக்கல. பின்ன அது என்னுதுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

இஞ்சின் இரைச்சல் ஏறியது. குரு அவர் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"நீங்கதானே ஐயா சொல்லிக்கொடுத்தீங்க. எல்லார் பையையும் பார்த்தீங்க. அதை மட்டும் பார்க்கலை."