பருப்புப் பானையும் ஒரு பதிலும்

மழையில் செங்கமலத்தின் வாசல் நிலை சரிந்தபோது அதைச் செப்பனிடப் போனான் தச்சன் மருதவாணன். தறி நெய்து தனியாகப் பிழைப்பவள் அவள். நிலை நிமிர்ந்தது. அப்புறம் ஜன்னல், பரண், தறிக்கட்டை. இப்போது அந்த வீட்டில் பழுதானது எதுவுமில்லை. இருந்தும் தினமும் உளியோடு போய் நின்றான்.

நேற்று அவள் கேட்டுவிட்டாள்.

"என்மேல் உங்களுக்கு இருப்பது இரக்கமா, அன்பா? நாளை அந்திக்குள் சொல்லுங்கள். இரக்கம்தான் என்றால் அதற்கப்புறம் வரவேண்டாம்."

வீடு திரும்பியவன், விடிந்ததும் ஆற்றங்கரை மடத்துக்கு வந்தான். அன்று அவனுக்குச் சமையல் முறை. மடத்தை நடத்தும் பொற்கொடி அம்மை அவனைவிடப் பத்து வயது இளையவர்; ஆனாலும் அவனுக்குக் குரு.

அவர் வருவதற்குள் சேதி அடுக்களை முழுதும் பரவிவிட்டது. இரக்கம் அன்புக்குள் அடக்கம், வீட்டுக்குள் கூடம் மாதிரி என்றார் கூடச் சமைக்க வந்த குப்பண்ணன். இரக்கம் குனிந்து பார்ப்பது, அன்பு நேருக்கு நேர் பார்ப்பது, இரண்டுக்கும் ஒட்டே இல்லை என்றார் சாத்தையா. கொஞ்சம் ஒட்டு உண்டு, ஆனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். காய் நறுக்க ஆளில்லை.

அம்மை வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த பருப்புப் பானையைத் திறந்தார். மேலே நீர் தெளிந்திருந்தது. அடியில் பருப்பு படிந்திருந்தது.

"மேல்நீர் எதற்கு, மருதவாணரே?"

"ரசத்துக்கு."

"அடியில் இருப்பது?"

"சாம்பாருக்கு."

"ரசத்துக்கு உரியது முழுவதையும் எடுங்கள். சாம்பாருக்கு உரியது ஒரு துளியும் வரக்கூடாது."

முதல் கரண்டி தெளிவாக வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது லேசாக மங்கியிருந்தது. அது ரசம்தான் என்றார் குப்பண்ணன். அதை ரசம் என்பவன் நாக்கை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றார் சாத்தையா. காலை வாதத்தில் ஒரே கட்சியாக இருந்தவர்கள்கூட இப்போது இரண்டாகப் பிரிந்தார்கள். மருதவாணனின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அடுப்பில் கொதித்தபோது இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே இருந்தது?" என்று கேட்டார் அம்மை.

"அப்போது கோடே இல்லை, அம்மா. எல்லாம் ஒன்றாகச் சுழன்றது. இறக்கி, அசையாமல் வைத்த பிறகுதான்..."

எடுத்து வைத்த நீரையெல்லாம் அம்மை பானையிலேயே ஊற்றினார். கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். மறுபடி தெளிந்ததும் மூடி, துணி சுற்றி, அவன் கையில் கொடுத்தார்.

"பதிலாக இதைச் செங்கமலத்தின் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

"அப்படியானால் எங்களுக்கு?" என்றார் சாத்தையா.

"மோர் இருக்கிறது. இவ்வளவு பேசியும் பசி ஆறவில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மருதவாணன் மட்டும் வாசலில் தயங்கி நின்றான். அவள் வீடு வயல் தாண்டி, வரப்பு தாண்டி, மேட்டின்மேல் இருந்தது.

"அவ்வளவு தூரம் நடந்தால் எல்லாம் கலந்துவிடுமே, அம்மா."

"அதனால்தான் நடக்கச் சொல்கிறேன்."