விலகல் மனு

தோல் நோய்ப் பேராசிரியை ஹெப்சிபாவின் மேஜைமேல் பொற்கொடி ஒரு மனுவை வைத்தாள். டாக்டர் படிப்பையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கிற எட்டு வருஷப் படிப்பு அவளுடையது. ஆறு வருஷம் முடிந்திருந்தது. டாக்டர் படிப்பை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்றது மனு. சாயங்காலத்துக்குள் ஆபீசில் சேர்க்க வேண்டும்.

"ஏன்?" என்றார் ஹெப்சிபா.

"லேபுக்குப் போனா 'டாக்டரம்மா வந்தாச்சு'ன்னு சிரிக்கிறாங்க. இங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா 'விஞ்ஞானி வந்தாச்சு'ங்கிறாங்க. என்கூடச் சேர்ந்தவங்க கிளினிக் போர்டே மாட்டிட்டாங்க மேடம். நான் ரெண்டுலயும் பாதி. ஒண்ணுலயாவது முழுசா இருக்கணும்."

"ஆறு வருஷத்தைப் போட்டுட்டுப் பாதிச் சரக்கோட கிளம்புறேங்கிற. மட்டமான பேரம்."

"பேரம் பேச வரலை மேடம். கையெழுத்து வாங்க வந்தேன்."

"என் கையெழுத்து சும்மா வராது. வெளியே ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. பார்த்து அனுப்பு. போட்டுத் தர்றேன்."

"ஒரே ஆள்தானே?"

"ஒரே ஆள். பேச்சு மாற மாட்டேன்."

பொற்கொடி கதவைத் திறந்து கூப்பிட்டாள். வந்தவள் மாடத்தி, பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவள். விரல் நுனியெல்லாம் சிவந்து வெடித்திருந்தது.

"நீங்களா? போன மாசம்தானே களிம்பு எழுதிக் குடுத்தேன்?" என்றாள் பொற்கொடி.

"அதுக்கு முந்தின மாசமும் குடுத்திய. போட்டா ஆறுது. வேலைக்குப் போனா திரும்ப வந்துருது. களிம்புக் கம்பெனிக்காரன் உங்களுக்குச் சொந்தக்காரனோ?"

ஹெப்சிபா சத்தமாகவே சிரித்தார்.

பொற்கொடி சீட்டை இழுத்து அதே களிம்பின் பெயரை மூன்றாவது தடவையாக எழுத ஆரம்பித்தாள். ரெண்டு எழுத்தில் பேனா நின்றது.

"உங்ககூட எத்தனை பேர் கட்டுறாங்க?"

"என்னையும் சேத்து எட்டு."

"எத்தனை பேருக்கு விரல் இப்படி இருக்கு?"

"ஆறு பேருக்கு. ஆஸ்பத்திரிக்கு நடையா நடக்கது நான் ஒருத்திதான்."

"மிச்ச ரெண்டு பேருக்கு ஏன் வரலை?"

மாடத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சொகமா இருக்கவளைப் பத்தி எந்த டாக்டராவது கேப்பாவளா?"

"நான் கேக்குறேன். அவங்களும் அதே பூவைத்தான் கட்டுறாங்களா?"

"அதே பூ, அதே கூடை. அவளுவ இன்னும் வாழைநாருலதான் கட்டுதாளுவ. நாங்க பச்சை நூலுக்கு மாறிட்டோம். வெலையும் கொறைச்சல், கட்டவும் வேகம்."

"எப்ப மாறினீங்க?"

"பொங்கலுக்கு."

"விரல் எப்ப வெடிச்சுது?"

மாடத்தி கணக்குப் போட்டாள். கண் விரிந்தது. "அடி ஆத்தி! பொங்கல் கழிஞ்சு பத்தாம் நாளு!"

பொற்கொடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "நாளையிலேருந்து நீங்களும் நாருலயே கட்டுங்க. அந்த நூல்ல ரெண்டு முழம் எனக்கு வேணும். வெடிப்புக்குக் காரணம் அதோட சாயம்தானான்னு லேபுல பார்க்கணும். மத்த அஞ்சு பேரையும் கூட்டிட்டு வாங்க. அந்த ரெண்டு பேரையும் விட்டுராதீங்க!"

"அவளுவளுக்கு என்ன சீக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதனாலதான் வேணும்!"

"நல்ல ஆஸ்பத்திரி போ," என்று சிரித்தபடியே மாடத்தி வெளியே போனாள். களிம்புச் சீட்டை வாங்க மறந்துவிட்டாள். கொடுக்கப் பொற்கொடியும் மறந்துவிட்டாள்.

ஹெப்சிபா மனுவைத் தன் பக்கம் இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"பேச்சு பேச்சுதான், போட்டுத் தர்றேன். ஆனா தப்பான பாதியை அடிச்சிடக் கூடாது பாரு. அந்த ரெண்டு பேருக்கு ஏன் வரலைன்னு கேட்டியே, அதை எந்தப் பாதி கேட்டுச்சு? சொல்லு, இன்னொண்ணை அடிச்சு விட்டுடுறேன்."

பொற்கொடி வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது.