கையைக் கடித்த விலை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, மருதங்காட்டு நாட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். யார் எதைக் காதில் ஓதினாலும் அன்றைக்கே சட்டமாக்கிவிடுகிற ராஜா. அரண்மனைக்குச் சாமான் வாங்கும் அதிகாரி தாண்டவராயர் ஒருநாள் ஓதினார்.

"வியாபாரிகள் கொள்ளை விலை சொல்கிறார்கள், மகாராஜா. நல்லபாம்பு அடைத்த குடத்துக்குள் கையை விட்டுச் சத்தியம் செய்யட்டும். விலை நியாயமானால் பாம்பு தீண்டாது."

அவ்வளவுதான், குடம் சபைக்கு வந்துவிட்டது. உப்பு வியாபாரி ஒருவன் நம்பிக் கையை விட்டான். அவனைப் பாடையில்தான் கொண்டுபோனார்கள். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? தாண்டவராயர் கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டினார்கள். ராஜா மகிழ்ந்துபோய் அவருக்கு மோதிரம் மோதிரமாகப் போட்டான்.

எண்ணெய்க்காரி காத்தாயியின் முறை வந்தது. தாண்டவராயர் கேட்ட பாதி விலைக்குக் கொடுத்தால் எள் வாங்கக்கூடக் காணாது, செக்கை விற்க வேண்டியதுதான். மறுத்தால் பாம்பு. குடத்துக்குள் புஸ்ஸென்று சீறியது.

"என்னம்மா, பாதி விலையா, பாம்பா?" என்றார் தாண்டவராயர்.

"சத்தியம் பண்றேன் சாமி" என்றாள். "ஆனா எங்க சந்தையில ஒத்தைக் கையால விலை முடியாதுங்க. துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேச, விக்கிறவர் கையும் வாங்குறவர் கையும் சேரணும். நான் சொல்ற விலை நியாயமான்னு பாம்பு பார்க்கட்டும். நீங்க கேக்குறதையும் பார்க்கட்டும். வாங்க, சேர்ந்தே கையை விடுவோம்."

"சரியான பேச்சு. விடும் ஓய் கையை" என்றான் ராஜா உற்சாகமாக.

தாண்டவராயருக்கு வியர்த்துக் கொட்டியது. "நான் வெறும் ஏவலாள் மகாராஜா. வாங்குகிறவர்... தாங்கள்தானே" என்று உளறிவிட்டார்.

யார் தலை உருளப்போகிறதோ என்று காத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். ராஜா தன் வலது கையைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். பாம்பு மறுபடியும் சீறியது.

"பாதி விலை வேண்டாம்" என்றான் மெதுவாக. "அது கையைக் கடிக்கும்."

காத்தாயிக்குக் கேட்ட விலையும் கைக்கொரு தங்கக் காப்பும் கிடைத்தன. தாண்டவராயரின் மோதிரங்களையெல்லாம் கழற்றி உப்பு வியாபாரியின் மனைவியிடம் கொடுத்தார்கள். குடத்தைத் தாண்டவராயரே சுமந்துபோய்க் காட்டில் விட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. வழியெல்லாம் அவர் அழுதுகொண்டே நடந்தார்.

கட்டுப்படியாகாத விலையைக் கேட்டால் வியாபாரிகள் "கையைக் கடிக்குமே" என்கிறார்களே, அது இப்படித்தான் வந்ததாம். காத்தாயி வாயில் மட்டும் அந்த வார்த்தை வந்ததில்லை. யாராவது குறைத்துக் கேட்டால், காப்புப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.