சேசையா சுட்ட சங்கு பாஸ்தா

இந்தக் கதையில் குருவுக்குப் பத்தொன்பது வயசு. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

குரு ஷெரின், பீட்சா கடையில் ஓவன் பக்கம் நிற்கிறவள். சீடர் அவளுடைய பெரியப்பா சேசையா. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை. வீட்டுச் சாப்பாட்டில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் அன்று விருந்தாளிகள் முன்னாலேயே, "கறி இன்னும் ஒரு கொதி வெந்திருக்கணும்" என்றார். அவர் மனைவி லூர்து கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு நீங்க சமைங்க. வந்தவங்கள்ல ஒருத்தராவது ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னா, ஆயுசுக்கும் குறை சொல்லிட்டுத் திரிங்க. யாரும் கேக்கலன்னா, சாப்பாட்டு விஷயத்துல உங்க வாய் தொறக்கவே கூடாது."

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேசையாவால் பின்வாங்க முடியவில்லை.

டிசம்பர் பிறந்ததும் ஷெரினிடம் வந்து நின்றார்.

"சங்கு மாதிரி பெருசா ஒரு பாஸ்தா இருக்காமே. உள்ள அடைச்சு, மேல சீஸ் போட்டுச் சுடுவாங்களாமே. அதச் சொல்லிக் கொடு குருவே."

"பிரியாணி பண்ணலாமே பெரியப்பா."

"பிரியாணின்னா உங்க பெரியம்மா பிரியாணியோட ஒப்பிடுவானுங்க. இது யாருக்கும் தெரியாதது. தெரியாததுல யாரு குறை சொல்லுவா?"

"குறை சொல்லத் தெரிஞ்சிருக்கணுமா?" என்றாள் ஷெரின். "உங்களுக்குச் சமையல்ல எதுவும் தெரிஞ்சா சொல்லுதிய?"

சேசையாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சமையலறைக்குள் வந்து கை கழுவினார்.

முதல் ஒத்திகையில் சங்குகளைச் சோறு மாதிரி வேகவிட்டார். விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினார். ஸ்பூனை வைத்ததுமே ஒவ்வொன்றாகக் கிழிந்தது. அடைத்த இறாலும் பனீரும் மேஜையில் வழிந்தன.

"மட்டமான சரக்கு. எந்த ஊர்ல இருந்து வருது இது?"

"உங்க அடுப்புல இருந்து."

ஷெரின் கிழிந்ததை எல்லாம் ஒரு தட்டில் அள்ளி அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகவில்லை. அடுத்த முறை சங்கு விறைப்பாக இருக்கும்போதே அவர் தண்ணீரை வடித்துவிட்டார். மிச்சம் ஓவனுக்குள் வெந்துகொள்ளும் என்று யாரும் சொல்லாமலே புரிந்திருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சதுரமான ஓவன் தட்டின் அடியில் தக்காளிக் குழம்பு, அதன்மேல் வரிசையாகச் சங்குகள், அதற்கும் மேல் துருவிய சீஸ். ஓவனுக்குள் தள்ளிவிட்டுச் சேசையா கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"எதத் தேடுதிய?"

"ஏதாவது குறை இருக்கான்னு."

"தொறக்கத் தொறக்கச் சூடு வெளிய போயிரும். அப்புறம் நிஜமாவே இருக்கும்."

அவர் கை மறுபடியும் கதவுக்குப் போனது. ஷெரின் ஒரு நாற்காலியை இழுத்து ஓவனுக்கு முன்னால் போட்டு, ஓவன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கு இருக்குல்லா?"

சேசையா சுவரில் சாய்ந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, குறை சொல்வதற்கு இல்லாமல், சும்மா மோந்து பார்த்தார். முதலில் தக்காளி வந்தது. பிறகு பூண்டு. கடைசியில் சீஸ் முறுகுகிற வாசம் வந்ததும் ஷெரின் தானாகவே எழுந்தாள்.

மேஜையில் லூர்து சேசையாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சமைத்தவர் உட்காரக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். சேசையா பரிமாறிவிட்டுச் சமையலறை வாசலுக்குப் போனார். அங்கே நின்றால்தான் எல்லோருடைய தட்டும் தெரிந்தது.

லூர்துவின் அண்ணன் ராயப்பன் ஒரு சங்கை முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, உள்ள முத்து கித்து இருக்குமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சேசையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ராயப்பன் வாயில் போட்டார். சீஸ் தட்டிலிருந்து தாடைவரை நூலாக நீண்டது. கரண்டிச் சத்தம்தான் கேட்டது. சேசையா கையில் இருந்த பிடிதுணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்களே" என்று குருவிடம் கிசுகிசுத்தார்.

"வாய் சும்மாவா இருக்கு?"

ராயப்பன் தட்டை வழித்துவிட்டு நீட்டினார்.

"இன்னும் ரெண்டு வையி மாப்ள. இறால் உள்ளத பாத்து வையி."

அதற்குப் பிறகு தட்டுகள் வரிசையாக நீண்டன. ஒரு பொடியன் பக்கத்துத் தட்டிலிருந்து சீஸை உருவி அடி வாங்கினான். லூர்துகூடத் தட்டை நீட்டினாள். சேசையா வேண்டுமென்றே நின்று பார்த்தார்.

"கேட்டு வாங்கணும். அதான பேச்சு."

லூர்து அவரை முறைத்தாள்.

"வையுங்க."

மேஜையே கை தட்டியது. காலியான ஓவன் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, கோப்பை ஜெயித்தவர் மாதிரி சேசையா சமையலறைக்குள் வந்தார். இறக்கி வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"எனக்கு ஒண்ணுகூட இல்லியே."

ஷெரின் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, தட்டின் மூலையைக் காட்டினாள். குழம்பும் சீஸும் ஓரத்தில் ஒட்டி, பழுப்பாக முறுகிக் கிடந்தன. அவர் சுரண்டி வாயில் போட்டார். அப்படியே நின்றார். அடுத்த மூலையையும் சுரண்டினார்.

"மேஜைக்குப் போனதவிட இதுல்லா ருசி."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"சமைக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்."

சேசையாவின் ஸ்பூன் நின்றது. "அப்போ உங்க பெரியம்மா இத்தன வருஷமா, கடைசியாச் சாப்பிடுதேன், மிச்சம் மீதி போதும்னு…"

"கொஞ்சம் நகருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். லூர்து கையில் ஸ்பூனோடு நின்றிருந்தாள். மூன்றாவது மூலையை ஒரே இழுப்பில் வழித்துத் தின்றுவிட்டு, இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள்.

"சரி, ஜெயிச்சாச்சு. வாய் உங்களுது. இனிமே என் சமையல்ல என்ன குறை இருக்கோ, தாராளமாச் சொல்லலாம். சொல்லுங்க பாப்போம்."

சேசையா கடைசி மூலையைச் சுரண்டி அவசரமாக வாயில் அடைத்துக்கொண்டார். கன்னம் உப்பியது. லூர்து காத்துக்கொண்டிருந்தாள். அவர் குருவைப் பார்த்தார்.

"மெதுவா மெல்லுங்க பெரியப்பா" என்றாள் ஷெரின். "ஒரு அவசரமும் இல்ல."